காரணம் சொல்லும் சீட்டுகள்: ஆங்கிலப் பன்மைப் பெட்டி ஒன்றின் மதிப்புரை

கடந்த ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த வாரத்தில், என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பன்மைச் சொற்களைப் பற்றிய சீட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பெட்டியில் 96 சீட்டுகள் இருக்கின்றன. விலை 480 ரூபாய். ஒவ்வொரு சீட்டின் முன்பக்கத்திலும் ஒருமைச் சொல்லும் பன்மைச் சொல்லும் படத்தோடு அச்சாகியுள்ளன. பின்பக்கத்தில் அந்தப் பன்மை ஏன் அப்படி அமைந்தது என்னும் வரலாறு ஐந்தாறு வரிகளில் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. எட்டு மாதங்கள் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சில சீட்டுகளில் பிழைகள் இருப்பதால் திருத்தப் பட்டியல் ஒன்றை வெளியீட்டாளருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வருவதற்கு முன் அவர்களைப் பொதுவில் பெயர் சொல்லிக் குறை கூறுவது முறையல்ல என்பதால் பெட்டியின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

ஒழுங்கற்ற பன்மைகளை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் பட்டியலாகவே கற்பிக்கிறோம். மேன் என்றால் மென், டூத் என்றால் டீத், ஆக்ஸ் என்றால் ஆக்ஸன் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, இவையெல்லாம் விதிவிலக்குகள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். தேர்வுத்தாளில் 'சைல்ட்ஸ்' என்று எழுதும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று கடிந்துகொள்கிறோம். ஆனால் சொல்லின் கடைசியில் எஸ் சேர்த்தால் பன்மை என்று நாமே சொல்லிக்கொடுத்த விதியைத்தான் அவன் நம்பிக்கையோடு பின்பற்றியிருக்கிறான். இந்தப் பெட்டியைத் தயாரித்தவர்கள் 'விதிவிலக்கு' என்ற சொல்லை எங்குமே பயன்படுத்தவில்லை. அந்தச் சொற்கள் ஒரு காலத்தில் முறையான விதிகளுக்குக் கட்டுப்பட்டவை, விதி மறைந்த பிறகும் சொற்கள் மட்டும் நிலைத்துவிட்டன என்பதே அவர்களுடைய அணுகுமுறை. அதுதான் சரியான அணுகுமுறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெட்டியை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணமும் அதுவே.

மிகச் சிறந்த சீட்டு 'சில்ட்ரன்' சீட்டுதான். பழைய ஆங்கிலத்தில் குழந்தையைக் குறித்த சொல் முதலில் பன்மையிலும் மாறாமல் இருந்தது. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் 'சில்ட்ரு' என்ற பன்மை தோன்றியது. முட்டை, ஆட்டுக்குட்டி, கன்று ஆகியவற்றைக் குறித்த சொற்களும் இதே 'ரு' விகுதியைக் கொண்டவை. ஜெர்மன் மொழியில் குழந்தைகளை இன்றும் 'கிண்டர்' என்பதில் இருக்கும் 'எர்' இதன் உடன்பிறப்பு. காலப்போக்கில் அந்த 'ரு' பன்மை விகுதி என்பதே பேசுவோர் நினைவிலிருந்து மங்கிவிட்டது. அப்போது தென் இங்கிலாந்தில் செல்வாக்கோடு இருந்த 'என்' என்னும் மற்றொரு பன்மை விகுதியை அதன்மேல் ஒட்டினார்கள். ஆக, சில்ட்ரன் என்ற சொல்லுக்குள் இரண்டு பன்மை விகுதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. வட இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இரண்டாவது விகுதி இல்லாத 'சில்டர்' வெகுகாலம் வழங்கியது. இவ்வளவையும் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் பிழையில்லாமல், பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதியிருப்பது சாதாரண வேலை அன்று.

இந்த இடத்தில் பெட்டி தவறவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதப்பட்ட சீட்டில் 'அவர்கள்' என்ற சொல் ஏன் இல்லை? அவன், அவள் ஆகியவற்றின் பன்மை 'அவர்' என்பதே. அது மரியாதைக்காக ஒருவரையே குறிக்கத் தொடங்கியதும் அதன் பன்மைத்தன்மை மங்கியது. பன்மையைக் காட்ட 'கள்' விகுதியை மேலும் ஒருமுறை சேர்த்து 'அவர்கள்' என்றோம். அந்தக் 'கள்' விகுதியையும் தொல்காப்பியம் அஃறிணைப் பெயர்களுக்கு உரியதாகத்தான் சொல்கிறது. உயர்திணையில் அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 'சில்ட்ரன்' எப்படி உருவானதோ அப்படியேதான் நாம் ஒவ்வொரு நாளும் சொல்லும் 'அவர்கள்' உருவாகியிருக்கிறது. இதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் 'சைல்ட்ஸ்' என்று எழுதவில்லை.

உயிரெழுத்து மாறும் பன்மைகளுக்குப் பெட்டி பதினொரு சீட்டுகளை ஒதுக்கியிருக்கிறது. பாதம், பல், வாத்து, எலி, பேன், ஆண், பெண் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களோடு, வழக்கொழிந்துபோன சில பன்மைகளும் இதில் உண்டு. விளக்கம் சரியானதே: ஆங்கிலத்துக்கு மூதாதையான மொழியில் பாதத்தின் பன்மை 'ஃபோட்டிஸ்' என்பதுபோல் ஒலித்தது, கடைசி அசையில் வரப்போகும் இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே முன்னால் நகர்ந்ததால் முதல் அசையின் ஓகாரம் மெல்ல மெல்ல ஏகாரமாகியது, பிறகு அந்தக் கடைசி அசை தேய்ந்து உதிர்ந்துபோனது, மாறிய உயிரொலி மட்டும் பன்மையின் அடையாளமாக எஞ்சி நின்றது. ஆனால் விளக்கம் சரியாக இருந்தும் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. பின்னால் வரும் ஒலி முன்னால் இருக்கும் ஒலியை எப்படி மாற்றும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். "இலை என்பதை வீட்டில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டேன். "எல" என்றாள். குடை? "கொட." நிலம்? "நெலம்." எழுத்தில் இகரமும் உகரமும் இருக்க, வாயில் எகரமும் ஒகரமும் வருவது ஏன் என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தேன். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது மட்டும் இப்படி ஆகிறது, 'இடி'யும் 'குடி'யும் மாறுவதில்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நடந்த மாற்றத்தின் இயக்கம் அவள் வாய்க்குள்ளேயே இருந்தது. அங்கே பின்னால் வந்த இகரம் நாக்கை முன்னே இழுத்தது, இங்கே பின்னால் வரும் அகரம் நாக்கைக் கீழே இறக்குகிறது. இந்த ஒரு வரி அந்தச் சீட்டில் இருந்திருக்க வேண்டும்.

எலியின் சீட்டு இவற்றுள் நேர்த்தியானது. எலி ஒருமையில் 'மூஸ்', பன்மையில் 'மீஸ்' என்பதற்கு நெருக்கமாக ஒலித்த காலத்தையும், ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்ததில் அவை 'மவுஸ்', 'மைஸ்' என்று ஆனதையும் இரண்டு அம்புக்குறிகளால் காட்டியிருக்கிறார்கள். பிள்ளையாரின் வாகனமான மூஷிகத்தின் பெயரும் ஆங்கில மவுஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்ற குறிப்பு அடியில் இருக்கிறது. உண்மையான குறிப்பு, பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். புத்தகத்தைக் குறித்த 'போக்' என்ற பழைய சொல்லும் இதே வகையைச் சேர்ந்தது என்பதையும், அந்தப் பழைய பன்மை பிழைத்திருந்தால் இன்று புத்தகங்களை 'பீச்' என்றுதான் சொல்லியிருப்போம் என்பதையும் இன்னொரு சீட்டு சொல்கிறது. அடிக்கடி புழங்கும் சொற்கள் பழைய வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், அருகிப் புழங்குபவை பொது விதிக்குப் பணிந்துவிடும் என்பது பொதுவாக உண்மைதான் என்றாலும், புத்தகத்தைக் குறிக்கும் சொல் ஏன் பணிந்தது என்று பிள்ளைகள் கேட்டால் முழுமையான விடை கிடையாது. சீட்டு அந்த இடத்தில் கட்டுக்கதை எதையும் சொல்லாமல் நின்றுவிடுவது பாராட்டத்தக்கது.

ஓநாய், கத்தி, இலை ஆகியவற்றின் பன்மையில் 'ஃப்' ஒலி 'வ்' ஒலியாக மாறுவதற்கான சீட்டைக் கையிலெடுத்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்துதான். சொல்லின் முதலிலும் இறுதியிலும் அது 'ஃப்' என்று ஒலித்தது, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவிலோ 'ல்' போன்ற ஒலிக்கும் உயிருக்கும் இடையிலோ வந்தால் 'வ்' என்று ஒலித்தது. தமிழ் எழுத்துமுறையை அறிந்தவருக்கு இது புதிதே அல்ல. 'கடல்' என்பதில் ஒருவிதமாகவும் 'அகம்' என்பதில் வேறுவிதமாகவும் ஒலிக்கும் ககரத்தை நாம் ஒரே எழுத்தால்தான் எழுதுகிறோம். எங்கே எப்படி ஒலிக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. ஆங்கிலேயர்கள் பின்னாளில் 'வ்' ஒலிக்குத் தனி எழுத்தை வைத்துக்கொண்டதால், பழைய உச்சரிப்பு விதி எழுத்திலும் பதிந்துவிட்டது. அந்த விதி செயலிழந்த பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த 'சீஃப்' போன்ற சொல் வெறும் எஸ் மட்டும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' பன்மையில் 'ஹவுஸஸ்' என்று எழுதப்பட்டாலும், நடுவில் உள்ள ஒலி மென்மையாக அதிர்ந்து ஒலிப்பதும் இதே விதியின் எச்சம். எழுத்து மாறாததால் அதை யாரும் கவனிப்பதில்லை. சீட்டும் கவனிக்கவில்லை.

மாறாத பன்மைகளுக்கு வருவோம். ஆட்டையும் மானையும் குறிக்கும் சொற்கள் பழைய ஆங்கில இலக்கணத்தில் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது பால் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவின் நீண்ட அசைச் சொற்கள் பன்மையில் எதையும் ஏற்காதவை. மானைக் குறிக்கும் 'டியர்' அக்காலத்தில் விலங்கு என்ற பொதுப்பொருளில் வழங்கியது என்ற செய்தியும் சீட்டில் இருக்கிறது. ஆனால் மீனையும் இதே கூட்டத்தில் சேர்த்து, அதுவும் ஆதி முதல் மாறாத பன்மை என்று எழுதியிருப்பது பிழை. பழைய ஆங்கிலத்தில் மீனுக்கு 'அஸ்' விகுதியோடு கூடிய முறையான பன்மை இருந்தது. வேட்டைக்கும் உணவுக்கும் உரிய விலங்குகளின் பெயர்களை ஒருமை வடிவிலேயே சொல்லும் பழக்கம் பரவியபோதுதான் மீனும் அந்த வரிசையில் சேர்ந்தது. இங்கும் நம் இலக்கணத்தை நினைவூட்டியிருக்கலாம். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று வினைமுற்றால் மட்டுமே எண்ணிக்கை தெரியும் பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். ஒரு வகுப்பில் படித்ததை அடுத்த வகுப்பில் பயன்படுத்த விடாமல் செய்வதுதான் நம் மொழிக்கல்வியின் பெரிய குறை. இந்தப் பெட்டி அதைத் தீர்க்கும் இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றுவிடுகிறது.

கதையாகச் சொல்வதற்கு ஏற்ற சீட்டு முட்டையுடையது. இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் எழுதிய முன்னுரை ஒன்றில் இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கடல் கடந்து செல்லப் புறப்பட்ட வணிகர் சிலர் காற்றில்லாமல் வழியில் தங்க நேர்ந்தது; கரையேறிய ஒருவர் ஒரு வீட்டுக்காரப் பெண்ணிடம் உணவு கேட்டார், குறிப்பாக 'எக்ஸ்' வேண்டும் என்றார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள் அந்தப் பெண். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அதனால் கோபம் வந்துவிட்டது. உடன் வந்த இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்று சொன்ன பிறகே அவளுக்குப் புரிந்தது. 'எக்' வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொல். 'ஐரன்' பழைய ஆங்கிலச் சொல், சில்ட்ரனைப் போலவே 'ரு', 'என்' ஆகிய இரண்டு விகுதிகளையும் சுமந்த இரட்டைப் பன்மை. எஸ் விகுதி வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பரவி, கண், காலணி, வீடு ஆகியவற்றின் 'என்' பன்மைகளையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியேற்றிய நீண்ட வரலாறு இந்த ஒரு உரையாடலில் அடங்கியிருக்கிறது. பசுக்களைக் குறித்த 'கைன்' 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் பார்வோனின் கனவில் வருகிறது. அதுவும் உயிர் மாறிய பன்மைமேல் 'என்' சேர்ந்த இரட்டைப் பன்மைதான். இன்று அன்றாடப் பேச்சில் எஞ்சியிருப்பவை ஆக்ஸனும் சில்ட்ரனும் மட்டுமே; சகோதரர்களைக் குறிக்கும் 'பிரெத்ரன்' திருச்சபைகளிலும் சங்கங்களிலும் வாழ்கிறது.

பெட்டியின் பலவீனமான பகுதி மஞ்சள் நிறச் சீட்டுகள். சீட்டுகளின் ஓரத்தில் பழைய ஆங்கிலத்துக்குப் பச்சை, இலத்தீனுக்கு மஞ்சள், கிரேக்கத்துக்கு நீலம் என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் 'ஆக்டோபஸ்' மஞ்சளில் இருக்கிறது, பன்மை 'ஆக்டோபை' என்றும் அது இலத்தீன் முறையான பன்மை என்றும் எழுதியிருக்கிறது. ஆக்டோபை என்ற வடிவம் புழக்கத்தில் இருப்பதை அகராதிகளும் பதிவு செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சொல் கிரேக்கம், பொருள் எட்டுப் பாதம் உடையது, கிரேக்கப் பன்மை 'ஆக்டோபோடஸ்', ஆங்கிலத்தில் இயல்பான பன்மை 'ஆக்டோபஸஸ்'. 'கேக்டஸ்', 'கேக்டை' என்பதைப் பார்த்து 'அஸ்' என்று முடியும் எல்லாவற்றுக்கும் 'ஐ' போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. ஆக்டோபஸின் பின்பாதியான 'பூஸ்', ஆங்கிலத்தின் 'ஃபுட்', வடமொழியின் 'பாதம்' மூன்றும் ஒரே வேரைச் சேர்ந்தவை. பச்சைச் சீட்டையும் நீலச் சீட்டையும் சேர்த்துக் காட்டக்கூடிய அருமையான வாய்ப்பு வீணாகியிருக்கிறது. 'டேட்டா', 'க்ரைடீரியா' முதலிய சீட்டுகள் சரியாக உள்ளன. அவற்றில் சொல்வதற்கு அதிகம் இல்லை.

பெண்களைக் குறிக்கும் சொல்லின் பன்மையை 'விமின்' என்று உச்சரிக்க வேண்டும் என்பது எந்த இடத்திலும் இல்லாதது பெரிய விடுதல். எழுத்தில் இரண்டாவது உயிர் மட்டும் மாற, பேச்சில் முதல் உயிர்தான் தெளிவாக மாறுகிறது. கேட்டால் ஒழிய இதைக் கற்க முடியாது. பட்டாணியின் சீட்டு மட்டும் எதிர்த்திசையில் போகிறது. 'பீஸ்' என்பதே ஒருமையாக இருந்தது. கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று தவறாக எண்ணிய மக்கள் பதினேழாம் நூற்றாண்டில் 'பீ' என்ற புதிய ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள். செர்ரிப் பழத்தின் பெயரும் பிரெஞ்சிலிருந்து வந்து இப்படியே குறைந்தது.

அட்டை தடிமனாக இருக்கிறது. எட்டு மாதக் கைமாறலுக்குப் பிறகும் மூலைகள் மட்டுமே சற்று மடங்கியுள்ளன. பின்பக்க எழுத்து மிகச் சிறியது, கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு நான் படித்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்புக்குக் கீழே இதை வாங்க வேண்டாம். அந்த வயதில் பிள்ளைகள் சொல்லைக் கேட்டுப் பழகினால் போதும். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர்களுக்கும் 480 ரூபாய் நியாயமான விலை. வாங்கியவுடன் மீன், ஆக்டோபஸ் சீட்டுகளை மட்டும் எடுத்துத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். நான் வெள்ளைத் தாளில் எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன்.

பெட்டியில் கீரிப்பிள்ளைக்குச் சீட்டு இல்லை. 'மங்கூஸ்' என்பதன் பன்மை என்ன என்று மாணவர்களைக் கேட்டால், வாத்தின் 'கூஸ்', 'கீஸ்' என்பதை வைத்துப் பாதிப் பேர் 'மங்கீஸ்' என்கிறார்கள். அந்தச் சொல் மராத்தியின் 'முங்கூஸ்' வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தெலுங்கில் 'முங்கிஸ', கன்னடத்தில் 'முங்குசி' என்று இன்றும் சொல்கிறார்கள். வாத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது இங்கிலாந்து சேர்ந்தபோது உயிர் மாறும் விதி மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அதனால் நம் கட்டுமரமும் சுருட்டும் அங்கே போய்க் 'கேட்டமரான்ஸ்', 'ஷெரூட்ஸ்' என்று எஸ் வாங்கிக்கொண்டதுபோல அதுவும் 'மங்கூஸஸ்' ஆனது. வெற்று அட்டை ஒன்றில் மாணவர்களே கீரியை வரைந்து, பின்பக்கத்தில் இந்த வரலாற்றை எழுதி, 97-ஆவது சீட்டாகப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.